படம் போகும் இடமெல்லாம் குறிப்பும் போகணும்: தொடக்க இடைக்காலக் கலைப் பாடங்களை இணையத்தில் பகிர்வது பற்றி

கீழ்மலை டீச்சர் | ஞாயிறு, இரவு 8:40

எல்லோருக்கும் வணக்கம். கொடைக்கானல் மலையில் ஒரு கல்லூரியில் கலை வரலாறு எடுக்கிறேன். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து செய்த குடைவரைகளில் தொடங்கி முற்காலச் சோழர் கல்லால் கட்டிய கற்றளிகள் வரை, அதாவது ஏறத்தாழ கி.பி. 600 முதல் 1000 வரை என் பாடம். நானே எடுத்த படங்கள், கையால் எழுதிய குறிப்புகள், பிள்ளைகளுக்காகப் பேசிப் பதிந்த ஒலிப்பதிவுகள் என்று ஐந்து வருட வேலை கணினியில் கிடக்கிறது. எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கும்படி இணையத்தில் வைத்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

ஆனால் போன மாதம் நடந்த ஒரு விஷயம் என்னைத் தயங்க வைத்துவிட்டது. கோயில் கூரை விளிம்பில் வரும் கூடு என்ற வளைவுகள் இரண்டை ஒரே படத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இடப்பக்கம் பல்லவர், வலப்பக்கம் சோழர் என்று கீழே எழுதி, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். யாரோ வலப்பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். அது வேறு குழுக்களுக்குப் போய், "மகேந்திரவர்மன் கட்டிய கோயில், 7-ஆம் நூற்றாண்டு" என்று புது வாசகத்தோடு, என் பெயரையும் போட்டு எனக்கே திரும்பி வந்தது. சோழர் காலக் கூடு அது. மூன்று நாள் எனக்கு மனசே சரியில்லை. நான் சொன்னதை நம்பித்தான் பிள்ளைகள் தேர்வில் எழுதுகிறார்கள்.

என் கேள்வி இதுதான். பகிரவும் வேண்டும், பகிர்ந்தது கெட்டுப் போகாமலும் இருக்க வேண்டும். நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

---

வெட்டுப்போதிகை | ஞாயிறு, இரவு 9:25

டீச்சர், நான் உடுமலைப்பேட்டை. பதினைந்து வருடமாகக் கோயில்களைப் படமெடுக்கிறேன். உங்களுக்கு நடந்தது எனக்கும் நடந்திருக்கிறது, ஒரு தடவை இல்லை.

முதலில் இந்த இழையைப் படிக்கும் புதியவர்களுக்காக அந்தக் கூட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கூரையின் விளிம்பாக வளைந்து இறங்கும் கபோதத்தில் குதிரை லாட வடிவில் சின்னச் சின்ன வளைவுகள் இருக்கும். அதற்குத்தான் கூடு என்று பெயர். பல்லவர் காலத்துக் கூட்டின் உச்சி மண்வெட்டித் தகடு மாதிரி பட்டையாக இருக்கும். சோழர் காலத்தில் அதே உச்சியில் சிங்கமுகம் வந்து உட்கார்ந்துவிடும். நூறு வருடத்துக்கு முன் ழுவோ துப்ரே என்ற பிரெஞ்சு அறிஞர் இப்படிச் சின்னச் சின்ன உறுப்புகளை வரிசைப்படுத்தித்தான் தென்னிந்தியக் கட்டடக் கலையின் காலத்தை அடுக்கினார். போதிகையும் அப்படித்தான். தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் அந்தத் துண்டு, பல்லவரிடம் வளைந்து, அலை அலையான தரங்கத்தோடு இருக்கும். சோழரிடம் சாய்வாக வெட்டி, நடுவில் ஒரு துருத்தம் வைத்திருப்பார்கள். வாசலில் நிற்கும் துவாரபாலகரின் கைகளை எண்ணினாலும் ஓரளவு தெரியும். பல்லவர் குடைவரைகளில் இரண்டு கை, பிறகு நான்கு.

கல்வெட்டே படிக்கத் தெரியாத பிள்ளை கூட இந்த மூன்றை வைத்துக்கொண்டு ஒரு கோயிலின் முன்னால் நின்று பேச முடியும். அதனால்தான் சொல்கிறேன், உங்கள் பாடம் வெளியே வரத்தான் வேண்டும்.

இப்போது என் வழக்கம். படத்தின் கீழே வெள்ளைப் பட்டை ஒன்று சேர்த்து, குறிப்பைப் படத்துக்குள்ளேயே எழுதிவிடுவேன். கோப்பின் தகவல் பகுதியில் எழுதி வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். போதாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் எல்லாம் உதிர்ந்துவிடும். பட்டையில் நான் எழுதுவது: ஊர், கோயில், எந்தப் பகுதி, எந்தத் திசை, படமெடுத்த தேதி, காலம், அந்தக் காலத்தை எதை வைத்துச் சொல்கிறேன் என்பது. பட்டையை வெட்டத்தான் செய்வார்கள். ஆனால் வெட்டாத படம் ஒன்று எங்காவது இருந்தால் போதும், எது சரி என்று காட்டிவிடலாம்.

இன்னொன்று. ஒப்பிடும் இரண்டு பொருள்களை ஒரே படமாக ஒட்டாதீர்கள். இரண்டு தனிப் படம், இரண்டிலும் தனிக் குறிப்பு.

---

காப்பிப்பூ | ஞாயிறு, இரவு 10:02

டீச்சர் அனுமதி கொடுத்ததால் எழுதுகிறேன். நான் அவர்களிடம் படித்த மாணவி. எங்கள் ஊர் பண்ணைக்காட்டுக்கு உள்ளே. வீட்டில் சிக்னல் வராது. ரோட்டில் ஒரு வளைவு இருக்கிறது, அங்கே போய் நின்றால் கிடைக்கும். சாயங்காலம் அங்கே நின்று அடுத்த நாளைக்கான பாடத்தை இறக்கிக்கொண்டு வந்துவிடுவேன். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் அம்மாவோடு தோட்டத்தில் நிற்கும்போது காதில் மாட்டிக் கேட்பேன்.

அதனால் ஒரு வேண்டுகோள். வீடியோவாகப் போட்டால் எங்களுக்கு வராது. ஒலிப்பதிவு தனியாக, படம் தனியாக, படத்துக்கு எண். "இப்போது 4-ஆம் படத்தைப் பாருங்கள், தூணின் மேலே பாருங்கள்" என்று டீச்சர் சொல்வார்கள். அது போதும். 12 எம்பி படம் ஒன்று இறங்குவதற்குள் மஞ்சு வந்து வளைவையே மூடிவிடும். 300 கேபியில் ஒன்று, பெரியது வேண்டும் என்பவர்களுக்கு இன்னொன்று என்று வைத்தால் நல்லது.

ஒலியாகக் கேட்டதால்தான் சில விஷயங்கள் எனக்கு நன்றாகப் பதிந்தன. மண்டகப்பட்டுக் குடைவரைக் கல்வெட்டில் "செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பு இல்லை" என்று விசித்திரசித்தன், அதாவது மகேந்திரவர்மன், பெருமையாகச் சொல்லும் வரியை டீச்சர் நிறுத்தி நிறுத்திப் படித்தார்கள். அன்றைக்கு முழுக்க அது காதிலேயே இருந்தது.

---

ஊட்டி வக்கீல் | திங்கள், காலை 6:50

காலை வணக்கம். உரிமம் பற்றி யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஆசிரியர்கள் பயந்து நின்றுவிடுகிறார்கள்.

ஆயிரம் வருடத்துச் சிற்பத்துக்குப் பதிப்புரிமை எதுவும் கிடையாது. பொது இடத்தில் நிலையாக இருக்கும் சிற்பத்தைப் படமெடுத்து வெளியிடுவதை 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தெளிவாகவே அனுமதிக்கிறது. மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் இடங்களிலும் 2018-இல் படமெடுக்கும் தடையைப் பெரும்பாலும் நீக்கிவிட்டார்கள். வழிபாடு நடக்கும் கோயில்களில் கருவறையை எடுக்க விடமாட்டார்கள். அது வேறு விஷயம், அதை மதிக்க வேண்டும்.

சிக்கல் எங்கே வரும் என்றால், மற்றவர் எடுத்த படத்தில். படமெடுத்தவர் காலமாகி 60 ஆண்டு ஆகும்வரை உரிமை இருக்கும். புத்தகம் என்றாலும் ஆசிரியர் காலமாகி 60 ஆண்டு. வகுப்பில் பாடம் நடத்துவதற்காகப் பிரதி எடுத்துக் கொடுப்பதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. தில்லி உயர்நீதிமன்றம் 2016-இல் பல்கலைக்கழக நகலகம் பற்றிய வழக்கில் அதை விரிவாகச் சொன்னது. ஆனால் வகுப்புக்குள் கொடுப்பதும் உலகம் முழுக்கத் திறந்து வைப்பதும் ஒன்றில்லை. அதனால் வெளியில் வைக்கும் பாடத்தில் உங்கள் படங்களையும், திறந்த உரிமம் உள்ள படங்களையும் மட்டும் வையுங்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் 3,75,000-க்கும் மேற்பட்ட படங்களை எந்த நிபந்தனையும் இல்லாமல் திறந்துவிட்டது. தென்னிந்தியப் படிமங்களும் அதில் இருக்கின்றன.

உங்கள் சொந்தப் படங்களுக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் "பெயர் சொல்லிப் பயன்படுத்து, அதே உரிமத்தில் பகிர்" என்ற வகையைப் பரிந்துரைக்கிறேன். "வணிகப் பயன்பாடு கூடாது" என்று சேர்த்துவிட்டால் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். பிறகு தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைகளிலும் அந்தப் படத்தை வைக்க முடியாது. தமிழில் எழுதுபவர்களுக்குப் படம் கிடைக்க வேண்டும் என்றுதானே நினைக்கிறீர்கள்?

---

கீழ்மலை டீச்சர் | திங்கள், மதியம் 1:15

வக்கீல் சார், ரொம்ப நன்றி. இதை யாரிடம் கேட்பது என்றே தெரியாமல் இருந்தேன். பட்டை யோசனையும் பிடித்திருக்கிறது. காப்பிப்பூ, நீ அந்த வளைவில் நின்றதை இத்தனை நாள் எனக்குச் சொல்லவே இல்லையே. வீடியோ இல்லை என்று இன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

---

சண்முகநதி | திங்கள், மாலை 5:30

டீச்சர் அம்மா, நான் பழனிக்காரன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொண்டு, இப்போது அதுவே முழுநேர வேலை.

வெட்டுப்போதிகைத் தம்பி சொன்ன பட்டியலில் கடைசியாக ஒன்று சொன்னாரே, "காலத்தை எதை வைத்துச் சொல்கிறேன்" என்று. என்னைக் கேட்டால் அதுதான் முதலில் வரவேண்டும். கல்வெட்டில் ஆண்டே இருக்கிறதா, அரசன் பெயரும் ஆட்சியாண்டும் மட்டும் இருக்கிறதா, இல்லை பாணியைப் பார்த்துச் சொல்கிறோமா? இந்த மூன்றும் மூன்று விதமான உறுதி. நம் பாடநூல்களிலும் இணையக் குறிப்புகளிலும் மூன்றையும் ஒன்றாகக் கலந்து "9-ஆம் நூற்றாண்டு" என்று ஒரே மாதிரி போட்டுவிடுகிறார்கள். படிக்கும் பிள்ளைக்கு எது பாறை, எது மணல் என்று தெரிவதில்லை.

சித்தன்னவாசலை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஓவியங்களை மகேந்திரவர்மன் காலம் என்றுதான் முதலில் சொன்னார்கள். பாணியைப் பார்த்துச் சொன்னது. பிறகு அங்கேயே இருக்கும் கல்வெட்டைப் படித்தபோது, அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் என்ற பாண்டியன் காலத்தில் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் அந்தக் குடைவரையைப் புதுப்பித்தார் என்று தெரிந்தது. ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் 9-ஆம் நூற்றாண்டு. இருநூறு வருடம் தள்ளிப் போகிறது! ஆனால் இன்றைக்கும் இணையத்தில் தேடுங்கள், மகேந்திரவர்மன் ஓவியம் என்றுதான் பாதிப் பேர் எழுதுகிறார்கள். பழைய குறிப்பை யாரோ ஒருவர் தட்டச்சு செய்து ஏற்றினார், அதிலிருந்து நூறு பேர் எடுத்தார்கள். உங்கள் கூட்டுப் படத்துக்கு ஒரு மாதத்தில் நடந்தது, சித்தன்னவாசலுக்குப் பல தலைமுறையாக நடக்கிறது.

உறுதியான ஆண்டுக்கு உதாரணம் வேண்டுமா? உங்கள் மலையின் காலடியிலேயே இருக்கிறது, ஐவர்மலை. பழனிக்கு மேற்கே, பாப்பம்பட்டிப் பக்கம். ஐவர் என்றால் பஞ்சபாண்டவர் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். கல்வெட்டில் திருவயிரை என்று இருக்கிறது. பாறை முகத்தில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகப் புடைப்புச் சிற்பமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அங்கே உள்ள வட்டெழுத்துக் கல்வெட்டில் சக ஆண்டு 792 என்றும் பாண்டியன் வரகுணனுக்கு யாண்டு எட்டு (எட்டாம் ஆட்சியாண்டு) என்றும் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. சக ஆண்டோடு 78 கூட்டினால் கி.பி. 870. அதிலிருந்து எட்டைக் கழித்தால் 862, வரகுணன் பட்டமேறிய ஆண்டு. பாண்டியர் வரலாற்றில் மற்ற ஆண்டுகளைக் கட்டித் தொங்கவிட்ட ஆணிகளில் ஒன்று இந்தக் கல். இந்த வரகுணன் யார் தெரியுமா? சித்தன்னவாசல் ஸ்ரீவல்லபனின் மகன்.

உங்கள் முதல் பாடம் ஐவர்மலையாக இருக்கட்டும் என்பது என் ஆசை.

---

கோத்தகிரிக்காரன் | திங்கள், இரவு 9:10

எல்லோரும் பகிர்வதைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் நின்று பேசுகிறேன், தவறாக நினைக்க வேண்டாம்.

நீலகிரியில் எங்கள் பக்கம் சோலைக்குள்ளும் மேய்ச்சல் வெளியிலும் பழைய கல்வீடுகளும் வீரர் உருவம் செதுக்கிய கற்களும் இருக்கின்றன. பல இடங்களில் இன்றும் வழிபாடு உண்டு. வருடத்தில் ஒரு நாள்தான் உள்ளே போவார்கள், செருப்பைக் கழற்றிவிட்டுப் போவார்கள். ஒரு பயணக் குழு அப்படி ஓர் இடத்தின் படத்தை, வரைபடத்தில் புள்ளியோடு போட்டது. இரண்டே மாதத்தில் ஞாயிற்றுக்கிழமை பைக்குகள் வரிசையாக வந்தன. கல்மேல் ஏறி நின்று படமெடுத்தார்கள். ஒருவர் உருவம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சாக்கட்டியால் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார். ஊர்ப் பெரியவர் அதைக் கையால் துடைத்துக்கொண்டு நின்றது என் கண்ணிலேயே நிற்கிறது.

வெட்டுப்போதிகை அண்ணன் சொன்ன வாட்ஸ்அப் விஷயத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. படமாக அனுப்பினால் தகவல் உதிரும், சரி. ஆனால் ஆவணமாக அனுப்பினால் எடுத்த இடத்தின் புள்ளி உட்பட எல்லாம் அப்படியே போகும். பலருக்கு இது தெரியாது.

இன்னொரு வருத்தமும் உண்டு. நீலகிரியின் முதல் கமிஷனர் ஜேம்ஸ் பிரீக்ஸ் இந்த மலையின் கல்வட்டங்களைத் தோண்டினார். 1873-இல் அவருடைய நூல் வந்தது. எருமை உருவம் வைத்த மூடிகளோடு கூடிய பானைகள் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. எந்த மண்ணிலிருந்து எடுத்தார்களோ அந்த ஊரில் ஒரு படம்கூட இல்லை. அவை உங்கள் காலத்துக்கு முந்தியவை என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். ஊரிலிருந்து எடுத்து உலகத்துக்குக் கொடுப்பது பற்றி எல்லோரும் பேசுகிறோம். எடுத்த ஊருக்கு என்ன திருப்பிக் கொடுக்கிறோம்?

---

வெட்டுப்போதிகை | திங்கள், இரவு 10:20

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்தச் சாக்கட்டி விஷயத்தைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. எழுத்து தெரிய வேண்டும் என்று மாவு பூசுவது, எண்ணெய் தடவுவது எல்லாம் கல்லைக் கெடுக்கும் வேலை. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாலே நிழல் விழுந்து எழுத்தும் உருவமும் எழுந்து நிற்கும். இதையே ஒரு தனிப் பாடமாக வைக்கலாம் டீச்சர், படமெடுப்பது எப்படி என்று.

ஆனால் படமே வேண்டாம் என்று மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள். ஸ்ரீபுரந்தான் நடராசரை நினைத்துப் பாருங்கள். கோயிலிலிருந்து திருடப்பட்டு, 2008-இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் விலை கொடுத்து வாங்கிய சிலை அது. அது நம் ஊர்ச் சிலைதான் என்று காட்ட உதவியது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் முன்பே எடுத்து வைத்திருந்த படங்கள். 2014-இல் திரும்பி வந்தது. அந்தப் படங்கள் இல்லாமல் இருந்திருந்தால்? அது பிற்காலச் சோழர் சிலை, டீச்சரின் பாடத்துக்கு வெளியேதான். இருந்தாலும் காரணம் ஒன்றுதான். மலை ஓரத்தில், பூசையும் காவலும் இல்லாமல் கிடக்கும் 9-ஆம் நூற்றாண்டுச் சிற்பங்களுக்கு ஒரு படம்கூட இல்லையென்றால், நாளைக்குக் காணாமல் போனால் எதைக் காட்டிக் கேட்பது?

---

கோத்தகிரிக்காரன் | செவ்வாய், காலை 7:05

ஏற்றுக்கொள்கிறேன் அண்ணா. அப்படியானால் இரண்டு அடுக்காக வையுங்கள். அளவு, துல்லியமான இடம், எல்லாப் பக்கப் படங்கள் என்று முழுப் பதிவு ஒன்று. அது பாதுகாப்பாக, பொறுப்பானவர்களிடம். பொதுவில் வைப்பதில் வட்டம் (தாலுகா) வரைக்கும் மட்டும் இடம், புள்ளி இல்லை. பெயர்பெற்ற, பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களுக்கு இது தேவையில்லை. யாரும் பார்க்காத இடங்களுக்கு வேண்டும். படமெடுக்கும் முன் ஊரில் கேட்க வேண்டும். எடுத்த பிறகு ஊருக்கே முதல் பிரதி, அச்சிட்டு. பள்ளிக்கூடத்துச் சுவரிலோ மந்தைத் திடலிலோ மாட்டட்டும்.

---

நூலக அக்கா | செவ்வாய், காலை 11:40

குன்னூரிலிருந்து எழுதுகிறேன். முப்பது வருடம் நூலகத்தில் இருந்தவள் என்பதால் ஒரே ஒரு விஷயம் சேர்க்கிறேன்.

இணையத்தில் வைத்துவிட்டால் பத்திரமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். 2023 அக்டோபரில் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் மீது இணையத் தாக்குதல் நடந்தது. எண்ணிம வடிவில் அவர்கள் ஏற்றி வைத்திருந்த கையெழுத்துச் சுவடிகள் மாதக்கணக்கில் யாருக்கும் கிடைக்கவில்லை. உலகம் முழுக்க எத்தனை வகுப்புகள் அந்தச் சுட்டிகளை நம்பியிருந்திருக்கும்! சுவடிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, படங்களுக்குப் போகும் வழிதான் அடைபட்டது. அவ்வளவு பெரிய இடத்துக்கே அப்படி.

அதனால் மூன்று இடத்தில் வையுங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் ஒன்று, விக்கிமீடியா பொதுவகத்தில் படங்கள், உங்கள் கையில் ஒரு வன்தட்டு. பாடத்துக்குள் வெறும் சுட்டி மட்டும் கொடுக்காதீர்கள். எந்த நிறுவனம், எந்தப் பொருள், அதன் பதிவெண் என்ன என்று எழுத்திலும் எழுதுங்கள். சுட்டி செத்தாலும் பதிவெண்ணை வைத்துத் தேடிப் பிடித்துவிடலாம்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது தேதியும் சேருங்கள். திருத்தினால் புதுத் தேதி. பழையதை அழிக்க வேண்டாம். "திருத்தங்கள்" என்று ஒரு தாள் தனியாக வைத்து, என்ன மாற்றினோம், யார் சொல்லி மாற்றினோம் என்று எழுதி வாருங்கள்.

---

காப்பிப்பூ | செவ்வாய், மாலை 6:15

அக்கா சொன்ன பிரிட்டிஷ் நூலகத்தில்தானே லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்திச் சுவடி இருக்கிறது? டீச்சர் எங்களுக்கு அதை ஒரு நாள் காட்டினார்கள். காலக்கோடு ஒன்று பலகையில் போட்டு, மேலே காஞ்சி கைலாசநாதர் கோயில், பல்லவ மன்னன் ராஜசிம்மன், ஏறத்தாழ 700 முதல் 728 வரை என்று எழுதினார்கள். கீழே அதே இடத்தில், இங்கிலாந்தின் கடலோரத் தீவு மடம் ஒன்றில் 721 வரை ஆயராக இருந்த ஈட்ஃப்ரித் என்பவரை எழுதினார்கள். அந்தச் சுவடியை எழுதியவர் அவர்தான் என்று ஏறத்தாழ இருநூற்றைம்பது வருடத்துக்கு அப்புறம் இன்னொருவர் அதிலேயே குறித்து வைத்திருக்கிறாராம். இரண்டு பேரும் ஒரே காலத்தில் இருந்தவர்கள், ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரியாது.

அப்புறம் ஸ்வீடனில் ஹெல்யோ என்ற தீவில் 1956-இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த சின்ன வெண்கலப் புத்தரைக் காட்டினார்கள். 6-ஆம் நூற்றாண்டில் நம் துணைக்கண்டத்தின் வடமேற்கு மூலையில் செய்தது. கை கையாக மாறி அவ்வளவு தூரம் போயிருக்கிறது. எங்கள் ஊரை விட்டு வத்தலக்குண்டு தாண்டாத காலத்தில் அதைப் பார்த்தேன். அந்தப் பாடத்தையும் சேருங்கள் டீச்சர். தமிழில் அது எங்கேயும் எனக்குக் கிடைக்கவில்லை.

---

கீழ்மலை டீச்சர் | புதன், இரவு 9:50

இரண்டு நாளாக ராத்திரி உட்கார்ந்து முதல் பாடத்தைச் சரி செய்தேன். எல்லோர் சொன்னதையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஹெல்யோ புத்தர் மூன்றாவது பாடமாக வரும், காப்பிப்பூ.

ஐவர்மலையைத்தான் முதலில் வைக்கிறேன். முன்பு ஒருமுறை போனபோது எடுத்த படம் ஒன்று இருக்கிறது. அதற்குக் கீழே நான் எழுதிய பட்டை:

"ஐவர்மலை (கல்வெட்டில் திருவயிரை), பழனி வட்டம். தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்கள். பாண்டியர் காலம், கி.பி. 870. அடிப்படை: கல்வெட்டு, சக ஆண்டு 792, வரகுணன் 8-ஆம் ஆட்சியாண்டு. பெயர் சொல்லிப் பயன்படுத்தலாம், அதே உரிமத்தில் பகிரலாம்."

சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். நாளைக்கு ஏற்றிவிடலாம் என்று இருக்கிறேன்.

---

சண்முகநதி | வியாழன், காலை 5:55

அம்மா, ஏற்றாதீர்கள். ஒரு திருத்தம் இருக்கிறது. என் மேலும் தப்பு உண்டு, திங்கட்கிழமை ஆண்டுக் கணக்கை மட்டும் சொல்லிவிட்டுக் கல்வெட்டின் வாசகத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

குணவீரக்குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக்குரவர் என்ன செய்தார் என்று கல்வெட்டு சொல்கிறது? பார்சுவ படாரரையும், அதாவது பார்சுவநாதரையும், "இயக்கி அவ்வைகளையும் புதுக்கி" என்று சொல்கிறது. இயக்கி என்றால் தீர்த்தங்கரருக்குத் துணை நிற்கும் பெண் தெய்வம். புதுக்கி! செதுக்கி இல்லை. அவிபலி என்ற படையலுக்கும், ஓர் அடிகளுக்கு, அதாவது துறவிக்கு, சோற்றுக்குமாக 505 காணம் பொன் வைத்திருக்கிறார். அப்படியானால் 870 என்பது புதுப்பித்த ஆண்டு. உருவங்கள் அதற்கு முன்பே அங்கே இருந்திருக்கின்றன. கல்வெட்டு பார்சுவநாதரையும் இயக்கியரையும்தான் பெயர் சொல்கிறது. பாறையில் இருக்கும் எல்லா உருவங்களுக்கும் அந்த ஆண்டைப் போட்டுவிட்டால் கல்வெட்டு சொல்லாததை நாம் சொன்னதாகிவிடும்.

சித்தன்னவாசலிலும் இளங்கௌதமன் செய்தது புதுப்பிப்புதான். அப்பன் காலத்தில் ஒரு சமணத் தலம், மகன் காலத்தில் ஒன்று, இரண்டும் புதுப்பிக்கப்படுகின்றன. பக்தி இயக்கம் வந்து சமணம் ஒடுங்கிவிட்டது என்று ஒரே வரியில் முடித்துவிடும் குறிப்புகளுக்குப் பக்கத்தில் இந்த இரண்டு கல்வெட்டுகளையும் வையுங்கள். பிள்ளைகள் தாங்களே கேள்வி கேட்பார்கள்.

---

வெட்டுப்போதிகை | வியாழன், காலை 8:30

ஐயா, இதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பதினைந்து வருடமாக நானே 870 என்றுதான் என் படங்களில் போட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

பட்டையில் "காலம்" என்று ஒரே கட்டம் வைத்தது தப்பு என்று இப்போது தோன்றுகிறது. "செய்த காலம்" ஒன்று, "பிறகு நடந்தது" ஒன்று என்று இரண்டு வேண்டும். காஞ்சி கைலாசநாதரிலும் இதே கதைதானே. மணற்கல் சிற்பங்களின் மேல் பிற்காலத்தில் சுதை பூசியிருக்கிறார்கள். அந்தச் சுதை முகத்தைப் படமெடுத்து "பல்லவர் முகம்" என்று போடுகிறோம்.

---

கீழ்மலை டீச்சர் | வியாழன், மதியம் 12:45

ஐயா, நீங்கள் மட்டும் பார்க்காமல் இருந்திருந்தால் இன்று சாயங்காலம் அது நூறு கைப்பேசிகளுக்குப் போயிருக்கும். மனசார நன்றி.

திருத்தியது இது:

"ஐவர்மலை (கல்வெட்டில் திருவயிரை), பழனி வட்டம். தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்கள். செய்த காலம்: கி.பி. 870-க்கு முன், பாண்டியர் காலப் பாணி. பிறகு நடந்தது: கி.பி. 870-இல் சாந்திவீரக்குரவர் பார்சுவநாதர், இயக்கியர் உருவங்களைப் புதுப்பித்தார். அடிப்படை: வட்டெழுத்துக் கல்வெட்டு, சக ஆண்டு 792, வரகுணன் 8-ஆம் ஆட்சியாண்டு."

முதல் வடிவத்தையும் ஏன் மாற்றினேன் என்பதையும் திருத்தத் தாளில் எழுதிவிட்டேன், நூலக அக்கா சொன்னபடி. பிள்ளைகளுக்கு அந்தத் தாளையும் சேர்த்தே கொடுக்கப் போகிறேன். கூட்டுப் படத்துக்கும் அதில் ஒரு பதிவு போட்டாயிற்று, இரண்டு தனிப் படங்களாகப் பிரித்து.

படம் மட்டும் பழையது, உச்சி வெயிலில் எடுத்தது, உருவங்கள் தட்டையாக விழுந்திருக்கின்றன. புதிதாக எடுத்தால் நன்றாக இருக்கும். வருகிற ஞாயிறு ஆறு பிள்ளைகளோடு இறங்கலாம் என்று பார்க்கிறேன். இங்கிருந்து பழனி 64 கிலோமீட்டர், மலைப்பாதை. முதல் பேருந்தைப் பிடித்தால் காலையிலேயே வந்துவிடலாம். கூட வர யாருக்காவது முடியுமா?

---

சண்முகநதி | வியாழன், மதியம் 1:20

பழனி பேருந்து நிலையத்திலேயே நிற்கிறேன். பாறை முகத்தில் வெயில் எந்த நேரத்தில் சாய்வாக விழுகிறது என்று சனிக்கிழமையே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன். ஊரிலும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன். பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.

---

வெட்டுப்போதிகை | வியாழன், மதியம் 2:05

நானும் வருகிறேன். இரண்டு டார்ச், முக்காலி, அளவுகோல் கொண்டுவருகிறேன். சாக்கட்டி யாரும் கொண்டுவர வேண்டாம்.

---

காப்பிப்பூ | வியாழன், மாலை 6:10

டீச்சர், ஏழாவது ஆளாக என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அம்மாவிடம் கேட்டுவிட்டேன். ஊருக்குக் கொடுக்கும் அச்சுப் பிரதியில் கீழே வரும் எழுத்தைப் பெரிதாகப் போடணும், எங்கள் ஆத்தா மாதிரி ஆட்கள் கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவுக்கு.